‘சிஸ்டத்துல வரல’ என்று சொன்னால்: நின்றுபோன அரசு உதவிக்குக் காரணம் கேட்டு வாங்க ஒரு முழு வழிகாட்டி

ரேஷன், முதியோர் உதவித்தொகை, மாத உதவி, மாணவர் உதவித்தொகை என எது நின்றாலும் இன்று ஜன்னலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “சிஸ்டத்துல வரலம்மா.” இந்தப் பதிலில் காரணம் இல்லை. முடிவெடுத்தவர் பெயர் இல்லை. எங்கே போய் முறையிடுவது என்பதும் இல்லை.

அரசு வேலையில் கணினியும் செயற்கை நுண்ணறிவும் நுழைந்ததில் என் பெரிய கவலை இதுதான். தப்பு அந்தக் காலத்திலும் நடந்தது. ஆனால் தாசில்தார் ஒரு மனுவைத் தள்ளுபடி செய்தால் அவர் கையெழுத்து அதில் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு மேலே போகலாம். இப்போது கையெழுத்தே இல்லாமல் தள்ளுபடி ஆகிறது. அந்தக் கையெழுத்தையும் காரணத்தையும் திரும்ப வாங்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் பல வருஷம் பார்த்துக் கற்றது. படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். பாதிப் பேர் தடுமாறுவது வரிசையில்தான்.

1. எந்த இடத்தில் நின்றது என்று முதலில் பிரியுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் “வரவில்லை” என்ற ஒரே குறைதான். உள்ளே மூன்று வேறு கோளாறுகள் இருக்கலாம்.

முதலாவது, அடையாளம் பொருந்தாதது. ரேகை விழவில்லை, முகம் ஒத்துப்போகவில்லை, ஓ.டி.பி. வரவில்லை. இதில் நீங்கள் இன்னும் பட்டியலில் இருக்கிறீர்கள், கருவிதான் உங்களை ஏற்கவில்லை.

இரண்டாவது, பட்டியலிலிருந்தே பெயர் போய்விட்டது. வாகனப் பதிவு, நிலம், வரி, இறப்புப் பதிவு என்று பல துறைகளின் தரவைக் கணினி ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து உங்களைத் தகுதியற்றவர் என்று ஒதுக்கியிருக்கும்.

மூன்றாவது, பணம் போய்விட்டது, ஆனால் வேறு கணக்குக்கு. ஆதார் வழியாக வரும் பணம், நீங்கள் படிவத்தில் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போவதில்லை. கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அதற்குப் போகும். நகைக்கடனுக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் எட்டு மாதப் பணம் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு என்பதால்தான் முதலில் இதைப் பிரிக்கச் சொல்கிறேன். மூன்றாவது கோளாறுக்குக் கலெக்டரிடம் மனு கொடுத்தால் அது சுற்றிச் சுற்றி வங்கிக்கே வரும், அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் எந்த வங்கி என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

2. எதையும் திருத்துவதற்கு முன் நகல் எடுங்கள்

புதிதாக உதவி செய்ய வருபவர்கள் நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய பிழை இது. பெயரில் எழுத்துப் பிழை என்று தெரிந்ததும் நேரே இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போய்த் திருத்திவிடுவார்கள். அடுத்த மாதம் பணம் வரும். நின்ற ஏழு மாதப் பணத்தைக் கேட்டால், “பதிவில் பிழை எதுவும் இல்லையே” என்பார்கள். பிழை இருந்ததற்கான சான்றை நாமே அழித்திருப்போம்.

அதனால் முதலில் சேகரியுங்கள்: ரேஷன் அட்டை நகல், உதவித்தொகை ஆணை, பாஸ்புக்கில் கடைசியாகப் பணம் வந்த பக்கம், அரசிடமிருந்து வந்த எல்லா எஸ்.எம்.எஸ்.ஸின் படமும் தேதியோடு, விண்ணப்ப எண். இணையதளத்தில் “தகுதியில்லை” என்று காட்டும் பக்கத்தையும் அச்சடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் நாளைக்கே மாறலாம்.

ஒரு நோட்டும் வேண்டும். எந்தத் தேதி, எந்த அலுவலகம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள் என்று அன்றன்றே எழுத வேண்டும். பின்னால் மேல்முறையீட்டில் உங்கள் நினைவை விட இந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

3. ஆதார் சரிபார்ப்பு வரலாற்றைப் படியுங்கள்

பலருக்குத் தெரியாத வசதி இது. ஆதாரோடு மொபைல் எண் இணைந்திருந்தால், மைஆதார் பகுதியில் கடைசி 6 மாதச் சரிபார்ப்புகளைப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு 50 பதிவு வரை வரும். தேதி, நேரம், ரேகையா ஓ.டி.பி.யா, எந்த நிறுவனம் கேட்டது, பொருந்தியதா இல்லையா, இல்லையென்றால் பிழைக் குறியீடு என்ன என்று எல்லாம் அதில் இருக்கும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் அக்கா ஒருவர். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து வழவழவென்று ஆகிவிட்டது. நான்கு விரலும் மாற்றி மாற்றி வைத்தும் ரேகை விழவில்லை. “என் கை என் கையே இல்லையாம் தம்பி” என்று சொன்னபோது அவர் குரல் உடைந்துவிட்டது. அவருடைய வரலாற்றை எடுத்தபோது ஒரே காலையில் ஐந்து வரி, ஐந்திலும் குறியீடு 300. ரேகை பொருந்தவில்லை என்பது அதன் பொருள். அவர் கடைக்கு வரவே இல்லை என்று எழுதியிருந்தவர்களுக்கு அந்த ஒரு தாளே பதிலானது.

குறியீடுகளில் மூன்றைத் தெரிந்துவைத்தால் பெரும்பாலும் போதும். 300 என்றால் ரேகையோ கருவிழியோ பொருந்தவில்லை. 330 என்றால் யாரோ உங்கள் ரேகையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மகனோ மகளோ பாதுகாப்புக்காகப் பூட்டிவிட்டுச் சொல்ல மறந்திருப்பார்கள். 100 என்றால் பெயர், பிறந்த தேதி போன்ற விவரம் ஒத்துப்போகவில்லை.

இன்னும் இரண்டு நிலையைக் கவனியுங்கள். நீங்கள் ரேகை வைத்த நாளில் வரியே இல்லை என்றால், கேள்வி ஆதார் சர்வரை எட்டவே இல்லை. கருவியோ சிக்னலோதான் காரணம், உங்கள் விரல் அல்ல. “பொருந்தியது” என்று வரி இருந்தும் பொருள் கைக்கு வரவில்லை என்றால் அது தொழில்நுட்பக் கோளாறே இல்லை, வேறு விசாரணைக்கு உரியது.

வரலாறு 6 மாதம்தான் கிடைக்கும் என்பதால் இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள்.

4. பெயரையும் இனிஷியலையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்

தரவை ஒட்டிப் பார்க்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற அமைப்பை நினைத்துச் செய்யப்பட்டவை. நம் ஊர்ப் பெயர் அதில் அடங்குவதில்லை. ஆதாரில் இனிஷியல் பின்னால், ரேஷன் அட்டையில் முன்னால், பாஸ்புக்கில் கணவர் பெயரின் எழுத்து, பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்து. வள்ளியம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு இடத்தில் ஒரு எழுத்து கூடும், இன்னொரு இடத்தில் குறையும். நமக்கு எல்லாம் ஒரே வள்ளியம்மாள். கணினிக்கு நான்கு பேர்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். ஒரே ஊரில் இரண்டு வள்ளியம்மாள் இருந்தால் ஒருவர் பேரில் உள்ள நிலம் இன்னொருவர் தலையில் ஏறும்.

ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி இருக்கிறது, பிறந்த தேதி, முகவரி என்ன என்று அப்படியே எடுத்தெழுதுங்கள். வேறுபடும் இடத்தை வட்டமிடுங்கள். இந்தக் கட்டத்தை மனுவோடு இணைத்தால் அலுவலர் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்வார். பத்துப் பக்க மனுவை விட இது வேலை செய்கிறது.

5. மனுவில் மூன்று கோரிக்கை மட்டும் வையுங்கள்

மனு யாருக்கு? ரேஷன் என்றால் வட்ட வழங்கல் அலுவலருக்கு, நகல் மாவட்ட வழங்கல் அலுவலருக்கு. வருவாய்த்துறை வழியாக வரும் உதவித்தொகை என்றால் வட்டாட்சியருக்கு. திட்டத்துக்கென்று மேல்முறையீடு இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தில் 2023இல் நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் வருவாய் கோட்டாட்சியருக்கு இ-சேவை வழியாக மேல்முறையீடு செய்ய வழி வைத்தார்கள். இப்படிக் காலக்கெடு இருக்கும் இடத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்காகக் காத்திருந்தால் கெடு போய்விடும்.

கோரிக்கை மூன்று. நின்ற உதவியை நின்ற மாதத்திலிருந்து வழங்க வேண்டும். நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்த முடிவுக்கு ஒப்புதல் கொடுத்த அலுவலரின் பதவியைத் தெரிவிக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதில்தான் விஷயமே இருக்கிறது. கணினி பரிந்துரைக்கலாம், நிறுத்தும் அதிகாரம் சட்டப்படி ஓர் அலுவலருடையது.

சட்டத்தைச் சுருக்கமாகக் குறிப்பிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(டி): நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்வது அலுவலகத்தின் கடமை. ரேகைப் பிரச்சினை என்றால் இன்னொன்றும் சேருங்கள். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்காததால் அட்டை ரத்தாகி, பட்டினியில் இறந்தாள் என்றது குடும்பம். அரசு அதை மறுத்தது. அடுத்த மாதமே மத்திய உணவுத்துறை, ஆதார் இல்லை என்பதற்காகவோ ரேகை பொருந்தவில்லை என்பதற்காகவோ தகுதியுள்ள யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2017 அக்டோபர் 24ஆம் தேதியிட்ட அந்த அறிவுறுத்தலை மனுவில் குறிப்பிடுங்கள்.

ஒப்புகை வாங்காமல் மனுவைக் கொடுக்காதீர்கள். சீல், தேதி, மனு எண் மூன்றும் இருக்க வேண்டும். நடக்க முடியாதவர் என்றால் அவருக்குப் பதில் வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது. அதையும் அன்றே கொடுத்துவிடுங்கள், மனு முடியும்வரை அடுப்பு எரிய வேண்டும்.

6. தகவல் மனுவில் “ஏன்” என்று கேட்காதீர்கள்

மனுவுக்கு 30 நாளில் பதில் இல்லை என்றாலோ “பரிசீலனையில் உள்ளது” என்று வந்தாலோ தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு (ஆர்.டி.ஐ.) போடுங்கள். தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், மத்திய அரசு அலுவலகம் என்றால் போஸ்டல் ஆர்டர். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர் சான்று வைத்தால் கட்டணம் இல்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி டெலிவரி ஆன தேதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் கணக்கு அதிலிருந்துதான்.

ஆத்திரத்தில் எழுதுபவர்கள் எல்லாக் கேள்வியையும் “ஏன்” என்று தொடங்குவார்கள். “ஏன் என் பெயரை நீக்கினீர்கள்?” பதில் ஒரே வரியில் வரும்: விளக்கம் கேட்பது தகவல் அல்ல. சட்டப்படி அது செல்லும். கையில் இருக்கும் பதிவைத் தர வேண்டுமே தவிர, இல்லாததை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011இல் சொல்லியிருக்கிறது. அதனால் பதிவைக் கேளுங்கள். நான் வழக்கமாக எழுதுபவை:

அ. இந்த அட்டை எண் அல்லது விண்ணப்ப எண் நீக்கப்பட்ட ஆணையின் நகல், அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களோடு.
ஆ. நீக்கும் முன் எனக்கு அனுப்பிய அறிவிப்பின் நகல், அனுப்பிய தேதியோடு.
இ. என் தகுதியைச் சரிபார்க்க எந்தெந்தத் துறைத் தரவு எடுக்கப்பட்டது, எந்தத் தேதித் தரவு என்பதைக் காட்டும் பதிவு.
ஈ. எத்தனை சதவீதம் ஒத்துப்போனால் ஒரே நபர் என்று கொள்ள வேண்டும் எனச் சொல்லும் உத்தரவு அல்லது வழிகாட்டு நெறிமுறையின் நகல்.
உ. நேரில் வந்து விசாரித்த அறிக்கை இருந்தால் அதன் நகல்.
ஊ. 2020இல் தமிழக அரசு வெளியிட்ட பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கைப்படி இந்த மென்பொருள் மதிப்பிடப்பட்டிருந்தால் அந்த மதிப்பெண் அட்டையின் நகல்.

‘ஈ’யைத் தொழில்நுட்பக் கேள்வி என்று பயந்து விடாதீர்கள். முகம் அடையாளம் காணும் மென்பொருள் பற்றி 2022இல் ஒரு ஆர்.டி.ஐ. பதிலில், 80 சதவீதத்துக்கு மேல் பொருந்தினால் ஒத்துப்போனதாகக் கொள்கிறோம் என்று டில்லி போலீஸ் சொன்னது. போலீஸே சொன்ன பிறகு உணவுத்துறையிடம் கேட்பதில் தவறில்லை. அங்கன்வாடியில் வீட்டுக்கு எடுத்துச்செல்லும் ஊட்டச்சத்து உணவுக்கும் 2025 ஜூலையிலிருந்து முகச் சரிபார்ப்பு வந்துவிட்டது. கர்ப்பத்தில் முகம் வீங்கும், சோகையில் வாடும். அந்த முகம் பொருந்தாவிட்டால் என்ன மாற்று ஏற்பாடு என்பதற்கான உத்தரவு நகலை இதே முறையில் கேளுங்கள்.

‘ஆ’வுக்கு “அறிவிப்பு ஏதும் இல்லை” என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். கேட்காமலே நீக்கினோம் என்று அவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி. மேல்முறையீட்டில் அதுதான் முதல் இணைப்பு.

வணிக ரகசியம் என்று அதே சட்டத்தின் பிரிவு 8(1)(டி)யைக் காட்டி மறுப்பது வழக்கம். மென்பொருளின் உள் நிரலை நான் கேட்கவில்லை, அரசு வகுத்த விதியைக் கேட்கிறேன் என்று எழுதுங்கள். பிரிவு 10இன்படி ரகசியப் பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தரச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படி வந்தது என்று மட்டும் கேட்க வேண்டாம். 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் 8(1)(ஜே) திருத்தப்பட்டு, பிறர் விவரத்தை மறுப்பது இன்னும் எளிதாகிவிட்டது. அந்த ஒரு கேள்வியைச் சாக்கிட்டு முழு மனுவும் திரும்பி வரும்.

7. மேல்முறையீட்டுத் தேதிகளைக் காலண்டரில் எழுதுங்கள்

30 நாளில் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தி இல்லையென்றாலும், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். கட்டணம் இல்லை. அவர் 30 நாளில், நீட்டித்தால் 45 நாளில் முடிவு செய்ய வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. ஆணையத்தில் நாளாகும், அதற்காக விட்டுவிடாதீர்கள். என் அனுபவத்தில் பாதி விஷயம் முதல் மேல்முறையீட்டிலேயே அசைகிறது. மேலே உள்ள அலுவலர் கோப்பைக் கேட்கும்போதுதான் கோப்பே இல்லை என்பது அவருக்குத் தெரியவருகிறது.

ரேஷனுக்கு இன்னொரு வழியும் உண்டு. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இன்படி மாவட்டக் குறைதீர் அலுவலரும், அவருக்கு மேல் மாநில உணவு ஆணையமும் இருக்கிறார்கள். இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் போகலாம். ஒன்று பொருளுக்கு, ஒன்று காரணத்துக்கு.

8. பலருக்கு நடந்திருந்தால் சேர்ந்து கேளுங்கள், ஆனால் தரவைச் சிதறவிடாதீர்கள்

ஒரே தெருவில் ஐந்து பேருக்கு ஒரே மாதத்தில் நின்றிருந்தால் அது ஐந்து தனிக் குறை அல்ல, விதியில் உள்ள குறை. தெலங்கானாவில் 2016இலிருந்து சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகள் கணினிச் சரிபார்ப்பால் ரத்தாயின. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2022 ஏப்ரலில், ரத்தானவற்றை வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க உத்தரவானது. தனித்தனி மனுவாக நின்றிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள்.

உதவி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பது பேரின் ஆதார் படத்தை வாட்ஸ்அப் குழுவில் கேட்டு வாங்குவதைப் பார்த்து நொந்திருக்கிறேன். அரசு நம் தரவை அலட்சியமாகக் கையாள்கிறது என்று மனு எழுதும் நாமே அதைச் செய்யலாமா? கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இணையதளத்திலேயே பதிவிறக்கலாம், அது போதும். பட்டியலில் அட்டை எண், நின்ற மாதம், சொல்லப்பட்ட காரணம் மூன்று மட்டும் எழுதுங்கள். வேலை முடிந்ததும் போனிலிருந்து எல்லாவற்றையும் அவர்கள் கண்முன்னே அழித்துவிடுங்கள். ஓ.டி.பி.யை ஒருபோதும் உங்கள் போனுக்கு வரும்படி வைக்காதீர்கள்.

9. உதவி திரும்ப வந்த பிறகு

வேலை இதோடு முடியவில்லை. மூன்று மாதம் தொடர்ந்து பாஸ்புக் பாருங்கள்.

ஒரு குடும்பத்தில் மாத உதவி ஒன்று, வீட்டில் கார் இருக்கிறது என்று நின்றது. அந்தப் பழைய காரை மகன் ஆறு வருஷத்துக்கு முன்பே விற்றுவிட்டார், ஆர்.சி. பெயர் மாறவில்லை. மனு கொடுத்ததும் அலுவலர் நேரில் வந்து பார்த்து உதவியைத் திரும்பக் கொடுத்தார். எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வருஷம் தரவை மறுபடி ஒட்டிப் பார்த்தபோது அதே கார், அதே நிராகரிப்பு.

அதனால் நகலெல்லாம் எடுத்து மனுவும் கொடுத்த பிறகு, மூலப் பதிவைத் திருத்துங்கள். கார் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், நிலம் என்றால் பட்டாவில், உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று காட்டினால் அந்த இறப்புப் பதிவில். ஹரியானாவின் ரோஹ்தக்கில் 2022இல் 102 வயது முதியவர் ஒருவர், தன்னை இறந்தவராகக் காட்டி ஓய்வூதியத்தை நிறுத்தியதால், மாப்பிள்ளை வேடத்தில் ஊர்வலம் போய் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

நின்ற மாதங்களின் தொகையைத் தனி மனுவாகக் கேளுங்கள், பழைய மனு எண்ணைப் பார்வையில் குறிப்பிட்டு. உதவியைத் திரும்ப வழங்கிய ஆணையின் நகல் ஒன்றை ரேஷன் அட்டையோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஜன்னலில் “வரலம்மா” என்று சொல்லும்போது அங்கேயே எடுத்து நீட்டலாம்.